ஏரியை வெட்டிவிட்டு மழைக்குக் காத்திருப்போம்!

(தலைப்பு: பண்டிகைத் தள்ளுபடியில் வீட்டுப் பொருள் வாங்குவது குடும்பத்துக்கு வரவா? செலவா? ‘வரவே’ என்ற அணியில் நின்று, வெள்ளானூர் மேடையில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் அணியின் வாதங்களை எல்லாம் நூற்றுக்கு நூறு தள்ளுபடி செய்யக் காத்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) வேலை முடித்து வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் சைக்கிளையும் வண்டியையும் ஓரமாக நிறுத்திவிட்டு நிற்கிற வெள்ளானூர்ப் பெருமக்களே! தாய்மார்களே! உங்கள் வீட்டுக் கூடத்திலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற நேயர்களே!

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி என்ன சொன்னாங்க? “தள்ளுபடி என்பது எலிப்பொறி. உள்ளே தொங்குகிறது மசால்வடை” அப்படின்னு சொன்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல உவமை, தட்டத்தான் வேணும். ஆனால் ஒன்று கேட்கிறேன் அம்மா. எலி என்றைக்காவது, “இந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு வடை வேணும், அதற்கு மாசி மாதத்திலே இருந்து காசு சேர்க்கிறேன்” என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதுண்டா? (சிரிப்பு) எலிக்கு வாசனை தெரியும். மனுஷனுக்கு வாசனையும் தெரியும், விலையும் தெரியும். வாசனையைப் பார்த்து ஓடுகிறவனுக்கு அது பொறி. விலையைப் பார்த்து நடக்கிறவனுக்கு அது வடை. (கைதட்டல்)

அதனாலே எங்கள் அணி சொல்வது இதுதான். பண்டிகைத் தள்ளுபடி மழை மாதிரி. நம்ம ஊர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் கையைக் கோத்துக்கொண்டுதான் வரும். மழை எல்லாருக்கும் பொதுவாகப் பெய்கிறது. ஆனால் கோடையிலே ஏரியைத் தூர் வாரி, கரையைக் கட்டி, மதகைச் சரி பண்ணி வைத்தவன் ஊரிலே தண்ணீர் நிற்கிறது. ஒன்றும் செய்யாதவன் ஊரிலே வெள்ளம் வருகிறது. அதே மழை! ஒருவனுக்குப் புழல் ஏரி. இன்னொருவனுக்கு முழங்கால் தண்ணீர். வந்த மழையைத் திட்டலாமா? வெட்டாத ஏரியைக் கேட்க வேண்டாமா? (கைதட்டல்)

திட்டமிடுவது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதா? 1955 ஜனவரியிலே காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்ம பாணியிலே சமுதாயம் அமைய வேண்டும் என்று தீர்மானம் போட்டது எங்கே? இதோ, பக்கத்திலே இருக்கிற ஆவடியிலே! மறுவருஷம் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. நாட்டுக்கே திட்டம் பேசிய ஊர் ஐயா இது. அந்த ஊர்க்காரர்கள் ஒரு பிரிட்ஜுக்குத் திட்டம் போடக் கூடாதா? (சிரிப்பு)

ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரிலே தொழிற்பேட்டை. இங்கே நிற்கிற பல பேர் வீட்டிலே வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய பணம் எது? போனஸ். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வந்தது. பின்னாளில் குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20 விழுக்காடு என்று ஆயிற்று. அது என்ன 8.33? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு. சட்டம் வைத்த சம்பள வரம்பின்படி, ஒரு மாதக் கூலி. கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. மார்ச்சிலே கணக்கை முடித்தால் கெடு நவம்பர். நடுவிலே உட்கார்ந்திருக்கிறது தீபாவளி! போனஸ் வருகிற வாரமும் தள்ளுபடி வருகிற வாரமும் ஒன்றாக இருப்பது தற்செயலா நடுவர் அவர்களே? நம்ம சட்டைப்பையிலே எப்போது கனம் ஏறுகிறது என்று கடைக்காரர் பஞ்சாங்கம் பார்த்து வைத்திருக்கிறார். அவர் போடுகிறார் திட்டம். நாம் போட வேண்டாமா? (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். மேடையிலே ஏறினால் வள்ளுவரைக் கூப்பிடாமல் இறங்க முடியாது. இன்றைக்குக் குறளைச் சொல்லப் போவதில்லை. அதிகார வரிசையை மட்டும் சொல்கிறேன். 47ஆவது அதிகாரம் தெரிந்து செயல்வகை. 48 வலி அறிதல். 49 காலம் அறிதல். 50 இடன் அறிதல். வள்ளுவர் அரசனுக்குச் சொன்னார். நான் குடும்பத் தலைவிக்குச் சொல்கிறேன். வரிசையைப் பார்த்தீர்களா? காலம் மூன்றாவதுதான் வருகிறது! நம்ம ஆள் என்ன செய்கிறான்? பத்திரிகையிலே முழுப் பக்க விளம்பரத்தைப் பார்த்து நேராகக் காலத்துக்குத் தாவுகிறான். “இன்றே கடைசி!” எதிரணி சொன்ன நஷ்டம் எல்லாம் இந்தத் தாவலிலே வருகிற நஷ்டம். தள்ளுபடியிலே வருகிற நஷ்டம் இல்லை. (கைதட்டல்)

முதலாவது, தெரிந்து செயல். என்ன வேணும் என்பதைக் கடைக்குப் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. அடுப்பங்கரையிலே தெரிந்துகொள்ள வேணும். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்திலே எழுதுங்கள். நாலு பேர் வீடா, எட்டுப் பேர் வீடா? வாஷிங் மெஷின் எத்தனை கிலோ? பிரிட்ஜ் எத்தனை லிட்டர்? குழாயிலே வருவது போர் தண்ணீரா? உப்புத் தண்ணீராக இருந்தால் சோப்பு நுரைக்காது; உள்ளே உப்புப் படியும். மொட்டைமாடித் தொட்டி தாழ்வாக இருந்தால், முன்பக்கம் கதவு திறக்கிற மெஷினுக்குத் தண்ணீர் வேகம் போதுமா? ஏசி மாட்டுகிற சுவரிலே அதற்கேற்ற பவர் பிளக் இருக்கிறதா, ஒயர் தாங்குமா? இவையெல்லாம் ஆடி மாதத்திலேயே கேட்க வேண்டிய கேள்விகள்.

எங்கள் தெருவிலே ஒரு வீடு. தள்ளுபடியிலே இரட்டைக் கதவு பிரிட்ஜ் வந்து இறங்கியது. வீட்டம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறாங்க. (சிரிப்பு) பிரிட்ஜ் வாசலிலே நின்றுவிட்டது. உள்ளே வர மாட்டேன் என்கிறது. வாசற்படி 30 அங்குலம், பிரிட்ஜ் 36 அங்குலம்! கடைசியிலே நிலைக்கதவைக் கழற்றி, சுவரைக் கொத்தி, கொத்தனாருக்குக் கொடுத்த கூலி, மிச்சம் பிடித்த தள்ளுபடியை விட அதிகம். (சிரிப்பு) நடுவர் அவர்களே, போர் டாங்கிக்கு மில்லிமீட்டர் பிசகாமல் அளவு பார்க்கிற ஊர் ஐயா ஆவடி! டாங்கியை அளந்த கை, வாசற்படியை அளக்கக் கூடாதா? ஒரு இஞ்ச் டேப்பு போதுமே! (பலத்த கைதட்டல்)

இரண்டாவது, வலி அறிதல். நம்ம பணபலம் என்ன? எதிரணித் தோழர் தவணையைப் பற்றிக் கண்ணீர் வராத குறையாகப் பேசினார். அவர் பேச்சிலே நியாயம் இருக்கிறது. தவணை நம்ம மக்களுக்கு வாழ்வும் கொடுத்திருக்கிறது. 1978இலே வசந்தகுமார் வசந்த் அண்டு கோவைத் தொடங்கித் தவணையிலே பொருள் கொடுத்தபோது, மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத எத்தனையோ வீடுகளுக்குள்ளே மின்விசிறியும் டி.வி.யும் நுழைந்தன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று வந்ததே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2013 செப்டம்பரிலே ரிசர்வ் வங்கியே சொன்னது: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரிலே ஒளிந்திருக்கிறது என்று சொல்லி, கிரெடிட் கார்டிலே அப்படித் திட்டம் நடத்திய வங்கிகளைக் கண்டித்தது.

ஒளிந்திருப்பது எங்கே? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுகிறேன். டி.வி. விலை 30,000. மாதம் 2,500 வீதம் 12 தவணை. 30,000 சரியாகிவிட்டது. வட்டி எங்கே இருக்கிறது? இல்லையே! ஆனால் அதே டி.வி.யை ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று கேளுங்கள். 27,500 என்பார். தவணைக்காரருக்குப் பிராசசிங் பீஸ் ஒரு 500. ஆக 30,500க்கும் 27,500க்கும் நடுவிலே 3,000 ரூபாய் கண்ணாமூச்சி விளையாடுகிறது. அதனாலே கடையிலே கேட்க வேண்டிய கேள்வி, “தவணை எவ்வளவு?” என்பது இல்லை. “ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு? தவணையிலே எல்லாம் சேர்த்து எவ்வளவு?” இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். 24,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வேணும். போன தீபாவளி முடிந்த மாதமே, வங்கியிலோ தபால் நிலையத்திலோ மாதம் 2,000 கட்ட ஆரம்பியுங்கள். பதிவு இல்லாத தீபாவளிச் சீட்டிலே போட்டுவிட்டு, அப்புறம் சீட்டுக்காரரைத் தேடி ஊர் ஊராகப் போகாதீர்கள்! (சிரிப்பு) 12 மாதத்திலே 24,000. அதே 2,000, அதே 12 மாதம். பொருள் வாங்கிய பின்னாலே கட்டினால் அது கடன். வாங்குவதற்கு முன்னாலே கட்டினால் அது சேமிப்பு. முன்னதிலே நீங்கள் வட்டி கொடுக்கிறீர்கள். பின்னதிலே ரொக்க விலைக்கும் உரியவர், தள்ளுபடிக்கும் உரியவர். வித்தியாசம் பணத்திலே இல்லை நடுவர் அவர்களே, வரிசையிலே இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

மூன்றாவது, காலம் அறிதல். தள்ளுபடி ஏன் வருகிறது? கடைக்காரர் கர்ணன் பரம்பரையா? இல்லை. ஆடியிலே கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம். கிடங்கிலே இருப்பதைத் தள்ளினால்தான் ஆவணிக்குப் புதுச் சரக்கு வைக்க இடம். அதனாலே ஆடித் தள்ளுபடி. துணிக்கடையிலே பிறந்த வழக்கம், வீட்டுப் பொருளுக்கும் பரவியது. அப்புறம் சுதந்திர தினம், ஆயுத பூஜை, தீபாவளி. ஜனவரி முதல் தேதி விற்பனைக்கு விவேக் கடை வாசலிலே விடிவதற்கு முன்னாலே வரிசை கட்டி நின்ற சென்னைவாசிகள் இங்கேயும் இருப்பீர்கள். 2014 அக்டோபர் 6ஆம் தேதி பிளிப்கார்ட் ஒரே நாள் பெருவிற்பனை வைத்தபோது, வரிசை தெருவிலே இருந்து கம்ப்யூட்டருக்குள்ளே போனது. அங்கேயும் நெரிசல், தளம் திணறி, மறுநாள் நிறுவனர்களே மன்னிப்புக் கேட்டார்கள். தெருவானால் என்ன, திரையானால் என்ன? கூட்டம் கூட்டம்தான். கூட்டத்திலே நின்று யோசிக்க முடியாது. யோசித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குள்ளே போக வேணும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பருவம் உண்டு. சித்திரை வெயிலிலே ஏசி கேட்டால் விலையும் சூடு, மாட்டுகிற ஆளும் கிடைக்க மாட்டார். மார்கழியிலே கேளுங்கள், நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். (சிரிப்பு)

காலம் அறிந்தவனுக்கு என்ன லாபம் என்று எதிரணி கேட்கிறது. 2025ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 3ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. ஏசிக்கும், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் வரி 28 விழுக்காட்டிலே இருந்து 18 ஆகும் என்றது. அமலுக்கு வந்தது செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய நாள். வரிக்கு முன் 30,000 ரூபாய் விலையுள்ள ஏசி, பழைய வரியிலே 38,400. புது வரியிலே 35,400. 19 நாள் பொறுத்தவருக்கு 3,000 ரூபாய்! ஆனால் அன்றைக்கே ஒருவர் ஓடினார், “பிரிட்ஜுக்கும் வரி குறைந்துவிட்டது” என்று. குறையவில்லை ஐயா! பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018 ஜூலையிலேயே 18க்கு வந்துவிட்டன. செய்தியைப் பாதி கேட்டுவிட்டு ஓடுவதும் காலம் அறியாமைதான்.

இன்னொரு நுணுக்கம். பொருளின் மேலே நட்சத்திரம் ஒட்டியிருப்பார்கள். 2006இலே மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கொண்டுவந்தது. அதிக நட்சத்திரம் என்றால் குறைந்த மின்சாரம். ஆனால் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவார்கள். 2022 ஜூலையிலே ஏசிக்கு அப்படி மாற்றியபோது, அதுவரை 5 நட்சத்திரமாக இருந்தது 4 நட்சத்திரம் ஆயிற்று. ஆக, பெருந்தள்ளுபடியிலே வருகிற 5 நட்சத்திரம் எந்தக் காலத்து நட்சத்திரம்? அந்தத் தாளிலேயே எந்தக் காலத்துக்குச் செல்லும் என்று போட்டிருக்கும். வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருக்கும். ஜாதகத்திலே நட்சத்திரம் பார்க்கிற நாம் இந்த நட்சத்திரத்தையும் பார்க்க வேண்டாமா? (சிரிப்பு, கைதட்டல்) பொருளுக்கு விலை ஒருமுறைதான் கொடுக்கிறோம். மின்சாரத்துக்கு அது உழைக்கிற காலம் முழுக்கக் கொடுக்கிறோம். மின்கட்டணமோ படிக்கட்டு, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். இன்றைக்கு 2,000 ரூபாய் குறைத்து வாங்கிய பொருள், கட்டணச் சீட்டிலே அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சித்திரையிலே பிரிட்ஜ் கெட்டுப்போயிற்று, தீபாவளி வரைக்கும் பொறு என்றால், ஆறு மாதம் கெட்டுப்போன பாலும் மாவும் தள்ளுபடியை விழுங்கிவிடும். அதனாலே பொருள் செத்த பிறகு யோசிக்காதீர்கள். இரைச்சல் கூடுகிறது, குளிர்ச்சி குறைகிறது, வருஷம் பத்து ஆகிறது என்றால், அது நமக்குக் கடிதம் எழுதுகிறது என்று அர்த்தம். கடிதம் வந்த மாதத்திலே இருந்து ஏரி வெட்ட ஆரம்பியுங்கள்.

நான்காவது, இடன் அறிதல். எங்கே வாங்குவது? விலை குறைந்த இடம் மட்டும் இடம் இல்லை. தியாகராய நகரிலே 500 ரூபாய் குறைவு. வெள்ளானூர் வரைக்கும் வண்டிக்கூலி யார் கொடுப்பது? மாடிக்கு ஏற்றுவார்களா? பழுது பார்க்க ஆவடியிலோ அம்பத்தூரிலோ சர்வீஸ் சென்டர் உண்டா? பழைய பொருளுக்கு என்ன மதிப்பு போட்டார்கள்? ‘50 விழுக்காடு தள்ளுபடி’ என்றால் எதிலே இருந்து 50? பெட்டியிலே அச்சடித்த அதிகபட்ச விலையிலே இருந்தா, போன மாதம் அதே கடையிலே விற்ற விலையிலே இருந்தா? இதற்கு ஒரே மருந்து, பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னாலேயே மாடல் எண்ணோடு மூன்று கடை விலையை எழுதி வைப்பது. அந்தக் காகிதம் உங்கள் கையிலே இருந்தால் எந்த விளம்பரமும் உங்களிடம் பொய் சொல்ல முடியாது. (கைதட்டல்)

பில் வாங்குங்கள், வாரண்டி அட்டையிலே முத்திரை வாங்குங்கள். பொருளே இல்லாமல் விலையை மட்டும் காட்டி ஆளை இழுக்கிற தூண்டில் விளம்பரத்துக்கு எதிராக 2022 ஜூனிலே வழிகாட்டு விதிகள் வந்திருக்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, பொருளை எந்த ஊரிலே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். யோசனை கேட்க 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் பில் இல்லாதவனுக்குச் சட்டமும் இல்லை, சாட்சியும் இல்லை.

நிறைவாக ஒன்று. எதிரணி நண்பர்கள், “எதற்கு இந்தப் பொருள் எல்லாம்? நம்ம பாட்டி அம்மியிலே அரைக்கவில்லையா, கல்லிலே துவைக்கவில்லையா?” என்று கேட்டார்கள். ஆண்களும் கை தட்டினீர்கள். துவைத்த கை தட்டவில்லை, கவனித்தீர்களா நடுவர் அவர்களே? (தாய்மார்கள் பகுதியில் பலத்த கைதட்டல்)

விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, அம்பத்தூர் கம்பெனியிலே ஷிப்டு பார்த்துவிட்டு வருகிற ஒரு பெண், இரவு ஒன்பது மணிக்குத் துணிக்கல்லுக்கு முன்னாலே குனிகிறாள். அவளுக்கு வாஷிங் மெஷின் ஆடம்பரமா? சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிற பெரியவர் இருக்கிற வீட்டிலே, திறக்காத இன்சுலினை 2 டிகிரியிலே இருந்து 8 டிகிரிக்குள் வைத்தாக வேணும். அந்த வீட்டுக்குப் பிரிட்ஜ் பெருமையா, மருந்துப் பெட்டியா? பணக்காரர் வீட்டுக்குத் தள்ளுபடி தேவையில்லை; நினைத்த நாளிலே வாங்குவார். மாதக் கூலி வீட்டுக்குத்தான் அந்த மூவாயிரமும் நாலாயிரமும் பெரிது. அது ஒரு பருவத்துப் பள்ளிக் கட்டணம். ஒரு மாத மளிகை. அவர்களிடம் போய், “தள்ளுபடி மோசம், போகாதே” என்று சொல்வது, தாகத்திலே நிற்கிறவனிடம் மழை மோசம் என்று சொல்வது போல ஆகும். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, “போ, ஆனால் காகிதத்தோடு போ. காசோடு போ. அளவோடு போ. காகிதத்திலே இல்லாத பொருளை யார் சிரித்துக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காமல் வா!” என்பதுதான். (கைதட்டல்)

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் இது. அளக்காமல் போட்டவன் பட்ட நஷ்டத்தை ஆற்றின் தலையிலே கட்டாதீர்கள். தேவை தெரிந்து, வலிமை தெரிந்து, காலம் தெரிந்து, இடம் தெரிந்து வாங்குகிறவளுக்குப் பண்டிகைத் தள்ளுபடி வரவே, வரவே, வரவே என்று தீர்ப்பளியுங்கள் என்று நடுவர் அவர்களை வேண்டி, எதிரணி நண்பர்களுக்கு என் அனுதாபத்தையும் தள்ளுபடி இல்லாமல் முழுசாகக் கொடுத்து, (சிரிப்பு) விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)